சொரசொரப்பான சுவரில் விளிம்பு நேராக வர: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வழவழப்பான சுவரில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயிண்ட் அடித்தால் விளிம்பு பெரும்பாலும் நேராகவே வரும். அதே முறையை டெக்ஸ்சர் பூச்சுள்ள உட்சுவரில் அப்படியே பின்பற்றுவதுதான் முதல் தவறு. அத்தகைய சுவரில் டேப் மேடுகளில் மட்டுமே ஒட்டுகிறது. இடையிலுள்ள பள்ளங்களுக்கு மேல் அது ஒட்டாமல் தொங்குவதால், பெயிண்ட் அந்தச் சந்துகளுக்குள் இழுக்கப்பட்டு மறுபுறம் கசிகிறது. டேப்பை அழுத்தித் தேய்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்துவது அவசியம்தான், ஆனால் ஆழமான பள்ளம் அதனால் அடைபடாது.

அடைப்பதற்கு எளிய வழி உண்டு. டேப்பின் எந்தப் பக்கத்தைக் காக்க வேண்டுமோ, அந்தப் பக்கத்தின் நிறத்தையே முதலில் டேப் விளிம்பின் மேல் மெல்லியதாகப் பூசி உலரவிட வேண்டும். கசிவது அதே நிறம் என்பதால் கசிவு கண்ணுக்குத் தெரியாது. சந்துகளும் மூடிக்கொள்வதால் அதன்மேல் பூசும் புதிய நிறம் உள்ளே நுழையாது. விலை உயர்ந்த டேப்பைத் தேடுவதைவிட இது பயனுள்ளது என்பது என் கருத்து. பள்ளங்கள் மிகப் பெரியவை என்றால், பெயிண்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலன்டை (சந்துகளை அடைக்கும் பசையை) விரலால் மெல்லிய படலமாக இழுத்துவிட்டு, அது இறுகுவதற்குள் பூசி முடித்து டேப்பை எடுத்துவிடலாம். சாதாரண சிலிக்கான் சீலன்ட் வேண்டாம். அதன்மேல் பெயிண்ட் பிடிக்காது.

சுவரில் முதலில் அடித்த நிறம் தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே அதன்மேல் டேப் ஒட்டக்கூடாது. ஒரு நாளாவது உலராவிட்டால் பூச்சும் சேர்ந்து உரியும். தூசி துடைக்காத சுவரில் டேப் சரியாகப் பிடிக்காது. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே டேப்பை ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் பின்னோக்கி மடக்கி மெதுவாக இழுக்க வேண்டும். உலர்ந்துவிட்டிருந்தால், விளிம்பைக் கூரிய கத்தியால் லேசாகக் கீறிய பிறகே இழுக்க வேண்டும்.

சுவரும் சீலிங்கும் சேரும் மூலையில், சீலிங் டெக்ஸ்சராக இருந்தால், தட்டை ஸ்க்ரூடிரைவரின் நுனியால் ஓரத்து மணிகளை மட்டும் சுரண்டி மெல்லிய பள்ளக்கோடு இழுத்துக்கொண்டால், சாய்வாக வெட்டிய பிரஷ் அதை ஒட்டியே செல்லும், டேப்பே தேவைப்படாது. ஆனால் 1980களிலோ அதற்கு முன்போ பூசப்பட்ட டெக்ஸ்சர்களில், தூசியாக மூச்சில் கலந்தால் நுரையீரலுக்குத் தீங்கான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், பரிசோதிக்காமல் அவற்றைச் சுரண்டக்கூடாது.