புவாரோ படத்தை வீட்டாரோடு பார்ப்பது எப்படி

நாவலை முதலே வாசிக்கவேண்டியதில்லை. துப்பறிவாளர் புவாரோவை வைத்து அகதா கிறிஸ்டி 1969இல் எழுதிய கதை இங்கிலாந்துக் கிராமத்தில் நடக்கிறது. 2023இல் வந்த ‘ஏ ஹோண்டிங் இன் வெனிஸ்’ படம் அதை 1947ஆம் ஆண்டு வெனிஸுக்குக் கொண்டுபோய்விட்டது. படம் பார்த்த பிறகு வாசியுங்கள், அதுதான் ருசி.

படம் முழுக்க இருட்டு. கிளிநொச்சி வெயில் யன்னலால் அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது. பொழுதுபட்ட பிறகு லைட்டை நிறுத்திவிட்டு உட்காருங்கள். திரைக்குக் கீழே வசன எழுத்துகளை ஓடவிட்டு, ஆங்கிலம் விளங்காதவருக்கு ஒருவர் மெதுவாகச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பெறாமகள் சொன்னாள்.

ஒரு மணி 43 நிமிடப் படம். ஐம்பதாவது நிமிடத்தில் நிறுத்துங்கள். தேத்தண்ணி ஊற்றும் நேரத்தில் ஆளுக்கொரு துண்டில் கொலையாளி யாரென்று எழுதி, மடித்து, சீனி டின்னுக்குப் பக்கத்தில் வையுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதன் பிறகு ஒருவரும் கண்ணை எடுக்கமாட்டார்கள். மற்றவர்கள் பேசும்போது புவாரோவின் முகத்தைப் பாருங்கள். சந்தேகம் அங்கேதான் முதலில் தெரியும்.

சரி, முடிந்ததும் துண்டுகளைப் பிரியுங்கள். அம்மாவின் துண்டில் பென்சிலால் ஒரு பெயர் வெட்டப்பட்டு, கீழே இன்னொன்று அழுத்தி எழுதப்பட்டிருந்தது. வெட்டிய பெயர்தான் சரி.