பிக்கப் வண்டியின் மின்சார பவர் ஸ்டீயரிங்: முதலில் பேட்டரியைப் பாருங்கள்

பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டியில் ஸ்டீயரிங் திடீரென இறுகினால், பேட்டரி மின்சாரத்தில் இயங்கும் மோட்டாரால் திருப்புவதை இலகுவாக்கும் மின்சார பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றுவதற்கு எண்ணெய் எதுவும் இல்லை என்பதால், முதலில் டயர்க் காற்றையும் பேட்டரியையும் பார்க்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, இன்ஜின் நின்றிருக்கையில் சுமார் 12.6 வோல்ட்டும், ஓடுகையில் பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வோல்ட் வரையும் காட்டும். உவரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பேட்டரி முனைகளோடு, பேட்டரியை வண்டியின் இரும்பு உடலோடு சேர்க்கும் எர்த் வயர் இணைப்பையும் அரித்துவிடும். பலர் கவனிக்கத் தவறுவது இந்த எர்த் இணைப்பைத்தான். குறுகிய சந்தில் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பிப் பிடித்தபடியே நின்றால், மோட்டார் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்வதற்காக உதவியைக் குறைக்கும். ஆறவிட்டால் மீண்டும் இலகுவாகும். இன்ஜின் ஓடத் தொடங்கிய பின்னும் ஸ்டீயரிங் எச்சரிக்கை விளக்கு அணையாவிட்டால், தயவுசெய்து பாரம் ஏற்றாமல் கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் கருவி உள்ள பட்டறையில் காட்டுங்கள்.