ஒரு முழக் கொடியில் நான்கு மணி பிளான்ட்

மணி பிளான்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக் கொடியில் ஒரு முழம் கேட்டு வாங்கினால் மூன்று நான்கு செடிகள் ஆகிவிடும். திருடி வைத்தால்தான் தழைக்கும் என்பார்கள். கேட்டு வாங்கியதும் நன்றாகவே தழைக்கிறது.

முதலில் கணுவைக் கண்டுபிடியுங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் வளையம்போல் ஒரு தடிப்பு இருக்கும். அதையொட்டி, பழுப்பு நிறத்தில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு முளை துருத்திக்கொண்டிருக்கும். விரலால் தடவினாலே தட்டுப்படும். வேர் கிளம்புவது அங்கேதான், தளிர் வருவதும் அந்தக் கணுவிலிருந்துதான். கணு இல்லாமல் இலையை மட்டும் கிள்ளி வைத்தால் பல வாரங்கள் பச்சையாக நிற்கும், கொடியாகாது.

இனி வெட்டலாம். சுத்தமான கத்தரிக்கோலால், கணுவுக்கு அரை அங்குலம் கீழே வெட்டுங்கள். துண்டுக்கு ஒன்றிரண்டு கணு, ஓர் இலையாவது இருக்கட்டும். தண்ணீருக்குள் போகும் இலையைக் கிள்ளிவிடுங்கள், அழுகி நாறும்.

கணு மூழ்கும்படி பாட்டிலில் தண்ணீர் ஊற்றித் துண்டை நிறுத்துங்கள். மதுரையில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. குடிக்கிற தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ ஊற்றுவது நல்லது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. சித்திரை வெயில் படும் ஜன்னலில் வைத்தால் பாட்டில் தண்ணீர் சுட்டுத் தண்டு வெந்துவிடும். நுனி பழுத்துக் கொழகொழத்தால் அந்தப் பகுதியை வெட்டியெறிந்துவிட்டு, மேலே கணு மிச்சமிருந்தால் மறுபடி வையுங்கள்.

பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளை வேர் தெரியும். மார்கழிக் குளிரில் இன்னும் தாமதமாகலாம். வேர் இரண்டு அங்குலம் வந்ததும் தொட்டிக்கு மாற்றுங்கள். நெடுநாள் தண்ணீரிலேயே விட்டால் அந்த வேர் மண்ணுக்குப் பழகச் சிரமப்படும். செம்மண் இரண்டு பங்கு, அலசிப் பிழிந்த தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு போதும். ஒரே தொட்டியில் மூன்று துண்டுகளை நட்டால் அடர்த்தியாக வரும். முதல் வாரம் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கற்பூரவல்லிக்கு இத்தனை பாடு இல்லை. ஒடித்து மண்ணில் செருகினாலே பிடித்துக்கொள்ளும். குரோட்டனில் பால் வடியும், கழுவிவிட்டு நடுங்கள். மல்லிகையும் குச்சியில் வரும். மதுரை மல்லிக்கு ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் நாற்றுகள் பெயர்பெற்றவை. ஆனால் அதற்கு நல்ல வெயில் வேண்டும் என்பதால், வரவேற்பறையில் வைக்காமல் மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.