கவுண்ட் சி.வி. ஏறினால் எந்த மிஷினைத் திறப்பது?

கவுண்ட் என்பது நூலின் மெல்லிசைச் சொல்லும் எண், எண் கூடினால் நூல் மெல்லிசு. அது சராசரியைச் சுற்றி எத்தனை சதவீதம் சிதறுகிறது என்பது சி.வி. ஸ்பின்னிங் மில்லில் கவுண்ட் சி.வி. 2 சதவீதத்தைத் தாண்டியது தெரிந்ததும் யாராவது ஒருவர் ரிங் பிரேமில் (நூல் நூற்கும் மிஷின்) பினியனை (கவுண்ட்டை நிர்ணயிக்கும் பல்சக்கரம்) மாற்றக் கிளம்பிவிடுவார். பினியன் மாற்றினால் சராசரி நகரும், அவ்வளவுதான். சிதறல் இருந்த இடத்திலேயே இருக்கும். குவாலிட்டி லேபில் உட்கார்ந்துகொண்டு ஃபிட்டர் அண்ணன்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: "ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடி, இந்தச் சிதறல் எங்கிருந்து வருதுன்னு பார்த்துட்டீங்களாண்ணா?"

அதைப் பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்று பாடப்புத்தகத்தில் வரும். லேபில் அனோவா என்றுதான் சொல்லுவோம். 1920களில் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் வயல் சோதனைகளுக்காக வளர்த்தெடுத்தது. பஞ்சாலைக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஏனென்றால் நம் நூலில் வேறுபாடு அடுக்கடுக்காக வருகிறது: ஒரே காப்புக்குள் (ஒரு ஸ்பிண்டிலில் சுற்றிய நூல் உருளை) லீக்கு லீ (120 கெஜ நூல்), ஒரே பிரேமில் காப்புக்குக் காப், அதற்கு மேல் பிரேமுக்குப் பிரேம்.

முதலில் மாதிரி எடுப்பது. வேலையில் முக்கால்வாசி இங்கேதான். 30 கவுண்ட் கோம்டு ஹோசியரி (சீவிய பஞ்சில் நூற்ற பின்னலாடை நூல்) ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பிரேம், பிரேமுக்கு ஐந்து காப், காப்புக்கு மூன்று லீ எடுத்தால் மொத்தம் 60 எடைகள். நேரம் போதவில்லை என்றால் லீயைக் குறையுங்கள், காப்பைக் குறைக்காதீர்கள். ஒரே காப்பில் பத்து லீ சுற்றினால் அந்தக் காப்பைப் பற்றி மட்டும் நன்றாகத் தெரியும், பக்கத்து ஸ்பிண்டிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. மூன்று லீயையும் அடுத்தடுத்து சுற்றக் கூடாது. 50 கிராம் காப்பில் சுமார் 23 லீ நூல் இருக்கும். நடுவில் கொஞ்சம் ஓட்டிவிட்டு, மேலே, நடுவே, அடியில் என்று எடுங்கள்.

காப்பைக் கழற்றும்போதே பிரேம் நம்பர், ஸ்பிண்டில் நம்பர், மேலே தொங்கும் ரோவிங் (நூலாவதற்கு முந்தைய தடித்த இழை) பாபின் எந்த சிம்ப்ளெக்ஸிலிருந்து (ரோவிங் செய்யும் மிஷின்) வந்தது, முன்வரிசையா பின்வரிசையா, எல்லாவற்றையும் சீட்டில் எழுதி உள்ளே சொருகிவிடுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றால் ஷிப்ட் மாறியதும் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

அடுத்தது எடை. ராப் ரீலில் (நூலை அளந்து சுற்றும் சக்கரம்) ஒன்றரை கெஜச் சுற்று 80 போட்டால் 120 கெஜம், அது ஒரு லீ. 64.8ஐ லீயின் கிராம் எடையால் வகுத்தால் கவுண்ட். 30 கவுண்ட் லீ 2.16 கிராம் இருக்க வேண்டும். 2.17 காட்டினால் கவுண்ட் 29.86. தராசு 0.01 கிராம் வரைதான் படிக்கும் என்றால் ஒரு படிக்கு 0.14 கவுண்ட் தாவுகிறது, காப்புக்குள் இருக்கும் சின்ன வேறுபாடு அதிலேயே மறைந்துவிடும். மில்லிகிராம் படிக்கும் தராசு வேண்டும். எல்லாக் காப்பையும் லேபில் ஒரே ஈரப்பதத்தில் ஆறவிட்டு, பிரேம்களைக் கலந்து போட்டு எடை பாருங்கள். முதல் பிரேமைக் காலையிலும் நான்காவதைச் சாயங்காலமும் பார்த்தால், வித்தியாசம் பிரேமுடையதா பஞ்சு குடித்த ஈரத்துடையதா என்று எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது.

கணக்குப் போடுவதற்கு முன் புள்ளி வைத்துப் பாருங்கள். காப் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற்கும் கோடு, அதில் மூன்று புள்ளி. பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் கணக்கு. புரிவதற்காக ஒரே பிரேமின் நான்கு காப்பை மட்டும் எடுத்து, சின்ன எண்களாக வைக்கிறேன்:

காப் 1: 29.7, 30.0, 30.3
காப் 2: 30.5, 30.8, 31.4
காப் 3: 28.9, 29.2, 29.5
காப் 4: 29.5, 29.9, 30.3

மொத்தச் சராசரி சரியாக 30.0. சராசரியை மட்டும் பார்ப்பவர் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். எக்செலின் டேட்டா அனாலிசிஸில் அனோவா சிங்கிள் ஃபேக்டர் கொடுங்கள். காப்புகளுக்கு இடையிலான சராசரி வர்க்கம் (எக்செலில் MS) 1.46, காப்புக்குள் 0.1375 என்று வரும். இரண்டையும் வகுத்தால் எஃப் 10.6, தற்செயலாக 5 சதவீத வாய்ப்பில் மட்டுமே தாண்டும் எல்லை 4.07தான். ஆக, காப்புகள் ஒன்றுபோல இல்லை.

பெரும்பாலான ரிப்போர்ட் இந்த எஃப்போடு நின்றுவிடுகிறது. எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. வேறுபாடு உண்டா என்பதை விட எவ்வளவு, எங்கே என்பதுதான் ஃபிட்டருக்கு வேண்டும். 1.46இலிருந்து 0.1375ஐக் கழித்து, காப்புக்கு மூன்று லீ என்பதால் மூன்றால் வகுத்தால் 0.44. இது காப்புக்குக் காப் உள்ள பங்கு. காப்புக்குள் 0.14. கூட்டினால் 0.58, அதன் வர்க்கமூலத்தைச் சராசரி 30ஆல் வகுத்தால் சி.வி. 2.5 சதவீதம். அதில் முக்கால் பங்கு காப்புகளுக்கு இடையில் இருக்கிறது.

இதை மேனேஜரிடம் இப்படிச் சொல்லலாம்: காப்புக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பூஜ்யமாக்கினால்கூட சி.வி. 2.5இலிருந்து 2.2க்குத்தான் இறங்கும். காப்புக்குக் காப் உள்ளதை ஒழித்தால் 1.2க்கு வந்துவிடும். எதற்குப் பணம் செலவழிக்கலாம்?

நான்கு பிரேமையும் சேர்த்துப் பார்க்க, ஒவ்வொரு காப்பின் மூன்று லீக்கும் சராசரி எடுத்து, பிரேமுக்கு ஐந்து எண்ணாக வைத்து அதே சிங்கிள் ஃபேக்டரை மறுபடி ஓட்டுங்கள். டூ ஃபேக்டரைத் தொடாதீர்கள். முதல் பிரேமின் மூன்றாம் காப்புக்கும் இரண்டாம் பிரேமின் மூன்றாம் காப்புக்கும் எந்த உறவும் இல்லை. இருப்பதாக நினைத்துக்கொண்டு அது கணக்குப் போட்டுவிடும். கழிக்கும்போது பங்கு மைனஸில் வந்தால் பயப்பட வேண்டாம், பூஜ்யம் என்று எழுதுங்கள்.

பிரேம் மட்டத்தில் பங்கு பெரிதாக இருந்தால்தான் பினியனையும், எந்தப் பிரேமுக்கு எந்த சிம்ப்ளெக்ஸ் ரோவிங் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். காப்புக்குள் பெரிதாக இருந்தால் ரிங் பிரேம் டிராஃப்டிங் (இழையை இழுத்து மெல்லிசாக்குவது), கிரீலில் (ரோவிங் பாபின் தொங்கும் சட்டம்) ரோவிங் இழுபடுவது, டிராஃபிரேம் ஸ்லைவரின் (சிம்ப்ளெக்ஸுக்கு முந்தைய மிஷினில் வரும் பஞ்சுத் திரி) சில மீட்டருக்குள் வரும் ஏற்ற இறக்கம். காப்புக்குக் காப் பெரிதாக இருந்தால் என் சந்தேகம் முதலில் சிம்ப்ளெக்ஸ் மேல்தான் போகும்: முன்வரிசை பின்வரிசை இழுவிசை வித்தியாசம், பாபின் தொடக்கத்திலும் நிறைந்த பிறகும் ரோவிங் நீள்வது. அதற்குப் பின்னால் டிராஃபிரேமின் டெலிவரிகளுக்கு (ஸ்லைவர் வெளிவரும் வாய்கள்) இடையிலான வித்தியாசம். ஹோசியரி நூலில் இதுதான் மோசம், காப்புக்குக் காப் கவுண்ட் மாறினால் பின்னல் துணியில் குறுக்கே பட்டை விழும்.

ஆனால் டாப் ஆர்ம் (டிராஃப்டிங் உருளைகளை அழுத்திப் பிடிக்கும் கை) அழுத்தம் குறைந்த ஒற்றை ஸ்பிண்டிலும் இதே மாதிரி எண்ணைத்தான் தரும். பிரித்துப் பார்க்க, மேலே உள்ள உதாரணத்தில் காப் 2க்கும் காப் 3க்கும் தலைக்கு மேல் தொங்கும் ரோவிங் பாபின்களை மட்டும் மாற்றித் தொங்கவிட்டு அடுத்த டாஃப் (நிறைந்த காப்புகளைக் கழற்றுவது) வரை ஓட்டுங்கள். தடித்த நூல் பாபினோடு போய்விட்டால் சிம்ப்ளெக்ஸுக்கு நடங்கள். அதே ஸ்பிண்டிலில் நின்றுவிட்டால் அந்த டாப் ஆர்மைத் திறங்கள்.

சரிசெய்த பிறகு அதே பிரேம்கள், அதே ஸ்பிண்டில்கள், அதே எண்ணிக்கையில் மாதிரி எடுத்து 0.44 என்ன ஆனது என்று பாருங்கள். மொத்த சி.வி.யை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்த வாரம் மிக்சிங் (பஞ்சுக் கலவை) மாறியிருந்தால் மொத்தம் தானாகவே ஏறி இறங்கும்.