பெரிய டிவிக்குக் கூடுதல் பணம் தரலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

“43 இன்ச் போதுமா, இல்ல பத்துப் பதினைஞ்சாயிரம் கூடப் போட்டு 55 எடுத்துடலாமா?” என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டு சோபாவுக்கும் டிவி வைக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை அடி? பெரும்பாலும் பதில் வராது. அளந்திருக்க மாட்டார்கள்.

கடையில் நின்று முடிவெடுப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். அங்கே ஓடுவது 4கே எனும் மிக நுணுக்கமான படத்தரத்தில் எடுத்த அருவியும் பஞ்சவர்ணக் கிளியும். வெளிச்சமும் நிறமும் உச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும். அந்த நீண்ட ஹாலில் 55 இன்ச்கூடச் சின்னதாகத் தெரியும். உடனே மனம் 65-க்குத் தாவும். நம் வீட்டில் ஓடப்போவதோ சீரியலும் செய்தியும் கிரிக்கெட்டும். அதில் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

தூரத்துக்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. திரையின் இன்ச் அளவை 1.6-ஆல் பெருக்குங்கள். வருவது இன்ச் கணக்கில் தூரம், அதை 12-ஆல் வகுத்தால் அடி. 43-க்கு அது சுமார் 5¾ அடி, 55-க்கு 7 அடி 4 இன்ச், 65-க்கு 8¾ அடி வரும். படம் கண்ணை நிறைக்க அந்த அளவு தூரம் நல்லது. பத்தடி தள்ளி உட்காருபவர் ‘கண் கெட்டுவிடும்’ என்று பயந்து 43 வாங்கினால், கிரிக்கெட் ஸ்கோரைப் படிக்கவே சிரமப்படுவார். அவருக்கு 55-க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் தகும். ஆறடி தூரத்தில் உட்காருபவர் 65 வாங்குவது வீண் செலவு.

4கே பற்றியும் இதே கணக்கில் யோசிக்க வேண்டும். 43 இன்ச் திரையை ஐந்தரை அடிக்கு அப்பால் இருந்து பார்த்தால், சாதாரணக் கண்பார்வைக்கு 4கே-வின் நுணுக்கமும் அதற்கு முந்தைய தரமான ஃபுல் எச்டியின் நுணுக்கமும் ஒன்றாகத்தான் தெரியும். 55-க்கு அந்த எல்லை சுமார் ஏழடி. அதனால் 43 இன்ச்சில் 4கே-வுக்கென்று தனியாகப் பணம் கேட்டால் நான் தரமாட்டேன்.

அடுத்தது, டிவிக்குள் என்ன வருகிறது என்பதைப் பார்க்காமல் விடுவது. அப்பாவுக்கு ஒரு 55 இன்ச் வாங்கிக் கொடுத்தேன். முதல் நாள் மாலை செய்தி போட்டவர், “பழைய டிவியிலயே நல்லா இருந்துச்சேப்பா, இது ஏன் கலங்கலா இருக்கு?” என்றார். எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. டிவியில் குறை இல்லை. வீட்டில் இருந்தது எஸ்டி பெட்டி, அதாவது பழைய சாதாரணத் தரத்தில் மட்டும் படம் தரும் செட்டாப் பாக்ஸ். எஸ்டி படத்தில் இருப்பது சுமார் 4 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் சுமார் 83 லட்சம். மிச்சத்தை டிவி தானாக ஊகித்து நிரப்புகிறது, திரை பெரிதாகப் பெரிதாக அந்த ஊகம் வெளியே தெரிகிறது. எச்டி பெட்டி வாங்கி, எச்டி சேனல்களையும் சேர்த்த பிறகுதான் படம் தெளிந்தது. சிலர் எச்டி பெட்டியை வாங்கிவிட்டு, பழைய மஞ்சள் சிவப்பு வெள்ளை வயரிலேயே இணைத்திருப்பார்கள். அந்த வயரில் எச்டி வராது, எச்டிஎம்ஐ வயர் வேண்டும்.

இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு, உயரம் இல்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் சட்டகம் ஏறக்குறைய நாலுக்கு மூன்று, அதாவது அகலம் நாலு என்றால் உயரம் மூன்று. 43 இன்ச் அகலத்திரையில் அது 35 இன்ச் படமாகத்தான் வரும், இரண்டு பக்கமும் கறுப்பு. தமிழில் 1973-இல் ‘ராஜராஜ சோழன்’ தொடங்கிவைத்த சினிமாஸ்கோப்போ இன்னும் அகலம். 68 செ.மீ. உயரமுள்ள 55 இன்ச் திரையில் அது 52 செ.மீ.தான் பிடிக்கும். இதெல்லாம் குறையே இல்லை. பணம் கொடுத்த திரை காலியாக இருக்கிறதே என்று படத்தை இழுத்து நிரப்பாதீர்கள். சிவாஜி முகம் உப்பிப்போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

32 இன்ச்சைத் தாண்டினால் வரி கூடும் என்று இன்னும் சிலர் தயங்குகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. சின்னதற்கும் பெரியதற்கும் ஒரே வரிதான்.

அப்புறம் ஒலி. மெல்லிய டிவிகள் பலவற்றில் ஸ்பீக்கர் கீழேயோ பின்னாலேயோ பார்த்தபடி இருக்கும், வசனம் தெளிவாக விழாது. காது மந்தமான பெரியவர்கள் இருக்கும் வீட்டில், ஓர் அளவு சிறிய டிவி வாங்கி மிச்சப் பணத்தில் சவுண்ட்பார் எனும் தனி நீள ஸ்பீக்கரை வைப்பதே மேல்.

பணம் கட்டுவதற்கு முன் பழைய செய்தித்தாள்களை ஒட்டி நாலடி அகலம், இரண்டேகால் அடி உயரத்துக்கு வெட்டுங்கள். 55 இன்ச் திரை அவ்வளவுதான். அதைச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். அந்தக் காலத்து 21 இன்ச் டிவிக்காகக் கட்டிய ஷோகேஸில் அது நுழையாது என்பதும், எதிர் ஜன்னல் வெயில் சாயங்காலம் எங்கே விழுகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.