விண்போர் நாவலில் சாதாரணச் சிப்பாய்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்வெளிப் போரைச் சொல்லும் நாவல்களில் ஒரு தனிக் கிளை உண்டு. அதன் நாயகன் விண்கலத் தலைவனோ, உடலை மாற்றிச் செய்யப்பட்ட மாவீரனோ அல்லன். ஆள்சேர்ப்பு முகாமில் கையெழுத்துப் போட்டு, தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு, அளவு சரியில்லாத பூட்ஸை மாட்டிக்கொண்டு, அனுப்பிய கோளில் போய் இறங்கும் காலாட்படைச் சிப்பாய். இத்தகைய நாவலைத் தமிழில் எழுத முயன்ற நண்பர்களின் கையெழுத்துப் படிகள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். அறிவியல் பிழைகள் அவற்றில் இருக்கத்தான் செய்தன; ஆனால் கதையைக் கவிழ்த்தவை பெரும்பாலும் அவையல்ல. முதல் அத்தியாயத்தில் சிப்பாயின் கண்மட்டத்தில் இருந்த கதை, நான்காம் அத்தியாயத்துக்குள் தளபதியின் வரைபட மேசைக்கு ஏறிவிடுகிறது. ஏறியது இறங்குவதே இல்லை. நான் கண்ட தவறுகளில் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு வழுக்கலிலிருந்து பிறந்தவைதாம்.

அதன் மிக வெளிப்படையான வடிவம், சாதாரணன் என்று அறிமுகமானவன் பாதியில் சாதாரணனாக இல்லாமற்போவது. அவனுடைய தந்தை காணாமற்போன பெருந்தளபதி என்று தெரியவருகிறது; அல்லது எதிரியின் மொழி அவனுக்கு மட்டும் புரியத் தொடங்குகிறது; அல்லது முப்பது பேர் சுட்டும் அசையாத எதிரிக் கலம் அவனுடைய ஒரு குண்டில் வெடித்துச் சிதறுகிறது. சாதாரணன் என்ற சொல்லுக்கு இங்கே திறமையற்றவன் என்று பொருளில்லை. அவன் விழுந்தால் அவன் இடத்தில் இன்னொருவன் வந்து நிற்பான் என்பதும், அதை அவனே அறிந்திருக்கிறான் என்பதும்தான் பொருள். அவன் காக்க வேண்டியது ஒரு நீரேற்று நிலையமாகவோ, இருநூறு மீட்டர் நீளமுள்ள ஒரு பள்ளமாகவோ இருக்கலாம். அதைக் காத்ததால் போரில் ஏதேனும் மாறியதா என்பது கடைசிவரை அவனுக்குத் தெரியாமலே போகலாம். அந்தத் தெரியாமையோடு நானூறு பக்கம் வாழ முடியாத எழுத்தாளர் வேறு வகை நாவலை எடுத்துக்கொள்வது நல்லது.

எழுதுவோர் மிக அதிகமாக மறப்பது நோயையும் சோற்றையும்தான். போர் என்றதும் நமக்குக் குண்டடி நினைவுக்கு வருகிறது. படைகளின் பழைய பதிவேடுகளோ வேறு கதை சொல்கின்றன. 1899 முதல் 1902 வரை நடந்த தென்னாப்பிரிக்கப் போரில் மாண்ட ஏறத்தாழ 22,000 பிரிட்டிஷ் படையினரில் 13,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது நோய். அதிலும் டைஃபாய்டின் பங்கு பெரிது. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் 14ஆவது படைக்குத் தலைமை தாங்கிய வில்லியம் ஸ்லிம், 1943இல் தாம் பொறுப்பேற்றபோது இருந்த நிலையைத் தம் நினைவு நூலில் பதிந்திருக்கிறார்: காயம்பட்டுப் பின்னுக்கு அனுப்பப்பட்ட ஒவ்வொருவருக்கும் 120 பேர் நோயால் அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மலேரியாவுக்கு மெப்பாக்ரின் என்ற மாத்திரை இருந்தது. அது தோலை மஞ்சளாக்கியது; ஆண்மையைப் போக்கிவிடும் என்ற வதந்தியும் படைக்குள் உலவியது. ஆகவே மாத்திரையைக் கையில் வாங்கியவர்கள் எல்லாரும் அதை விழுங்கவில்லை. ஸ்லிம் திடீர்ச் சோதனைக்கு ஏற்பாடு செய்தார். ஒரு பட்டாலியனில் மாத்திரை விழுங்கியோர் 95 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் அதன் கட்டளை அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்கினார். மூன்று பேரை நீக்கியதும் மற்றவர்களுக்கு அவர் சொல்லவந்தது புரிந்துவிட்டது.

இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள் ஒரு நாவலுக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது. மேலிடம் சொல்வதை நம்பாத சிப்பாய், வரிசையில் நின்று அவன் வாயைத் திறந்து காட்டச் சொல்லும் ஹவில்தார், வேலை போய்விடுமே என்று தூக்கமிழக்கும் கர்னல், யார் கிளப்பியது என்று ஒருபோதும் தெரியவராத ஒரு வதந்தி. எதிரி இன்னும் காட்சிக்கே வரவில்லை. வேறொரு கோளின் காற்றையும் மண்ணையும் கற்பனை செய்யும் வசதி கையில் இருந்தும், அந்த மண் சிப்பாயின் காலிடுக்கில் என்ன செய்கிறது என்று எழுதாமல், வானத்தில் இரண்டு நிலவுகள் தோன்றியதை மூன்று பத்திக்கு வருணிப்பது வீண். நம் பூமியிலேயே வேற்றுக்கோள் போன்ற களம் ஒன்று உண்டு. 1984 முதல் படைகள் எதிரெதிரே நிற்கும் சியாச்சின் பனியாற்றில், எதிரியின் குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவும் உயரத்தின் மூச்சுத்திணறலுமே அதிகம் பேரைப் பலிகொண்டிருக்கின்றன.

சோற்றுக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது பயன் தரும். விண்கலத் திட்டங்களில் ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.84 கிலோ ஆக்சிஜன் என்று கணக்கிடுகிறார்கள். 120 பேர் கொண்ட ஒரு கம்பெனிக்கு அது நாளுக்கு 100 கிலோ. மாதத்துக்கு 3 டன். தண்ணீரும் உணவும் தோட்டாவும் இதற்கு மேல். காற்றில்லாத நிலவில் ஆறு மாதம் முற்றுகை நடக்கிறது என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்பவர், அந்த ஆக்சிஜன் உருளைகளை இறக்கிச் சுமந்து அடுக்குபவன் தம்முடைய நாயகன்தான் என்பதை மறந்துவிடுகிறார். அவனுடைய முதுகுவலியும், ஓர் உருளை குறைந்தால் யார்மேல் பழி விழும் என்ற அச்சமும் கதைக்குள் வர வேண்டியவை.

புதிய ஆயுதம் சொன்னபடி வேலை செய்யும் என்று எழுதுவது இன்னொரு தவறு. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு எம்-16 துப்பாக்கி வந்தபோது, அதைச் சுத்தம் செய்யவே வேண்டியதில்லை என்ற பேச்சும் கூடவே வந்தது. துப்புரவுக் கருவிகள் போதிய அளவில் வழங்கப்படவில்லை. தோட்டாவில் அடைக்கும் வெடிமருந்தின் வகை மாற்றப்பட்டதால் உள்ளே கரி அதிகம் படிந்தது. ஈரமான அந்த நாட்டுக்குத் தேவையான குரோமியப் பூச்சும் தோட்டா அமரும் அறைக்கு இடப்பட்டிருக்கவில்லை. சுட்டு முடித்த தோட்டாக்கூடு உள்ளேயே சிக்கிக்கொள்ள, சண்டையின் நடுவில் அதைக் கம்பியால் குத்தி வெளியே தள்ள வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. பூச்சும் கருவியும் பின்னர் வந்தன. 1960களின் இறுதியில் புகழ்பெற்ற சித்திரக்கதை ஓவியர் வில் ஐஸ்னரைக் கொண்டு பராமரிப்புக் கையேட்டையே படக்கதையாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஆயுதத்தைத் தேர்ந்தெடுப்பவன் ஓரிடத்தில் இருக்கிறான், அதன் கோளாறோடு மல்லுக்கட்டுபவன் வேறிடத்தில் இருக்கிறான். சிப்பாய் நாவலின் கசப்பெல்லாம் இந்த இடைவெளியில்தான் ஊறுகிறது. தாளில் அச்சிட்ட விவரக்குறிப்பைப் போல ஆயுதத்தை அறிமுகப்படுத்தும் பத்திகளை வெட்டிவிட்டு, அது எப்போது அடைத்துக்கொள்ளும், அடைத்துக்கொண்டால் அவன் எப்படித் திட்டுவான் என்று எழுதலாம்.

களத்தின் இயற்பியலையும் இதே கண்மட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். நிலாவில் நடக்கும் ஒரு கதையில், சமவெளியில் நிற்கும் காவலாள் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் எதிரி நடந்துவருவதைக் காண்பதாக எழுதப்பட்டிருந்தது. நிலா சிறிய உருண்டை. சராசரி உயரமுள்ள ஒருவர் அதன் சமதரையில் நின்றால் அடிவானம் ஏறத்தாழ 2.4 கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். பூமியில் அது ஏறக்குறைய இரு மடங்கு. ஒரு காலாட்படை ஆளுக்கு இந்தச் செய்தி நிலவின் அத்தனை விண்கல் குழிகளின் பெயர்களைவிடவும் முக்கியமானது, ஏனென்றால் எதிரி தெரியும்போது பக்கத்தில் வந்துவிட்டிருப்பான். துப்பாக்கியின் கதையோ நேர்மாறு. தோட்டாவில் உள்ள வெடிமருந்து எரியக் காற்று தேவையில்லை, ஆகவே துப்பாக்கி அங்கும் சுடும். நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் மேல்நோக்கிச் சரிவாகப் பாயும் குண்டு, தடுக்கக் காற்றில்லாமலும் இழுக்க ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பே இருப்பதாலும், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வரை போய் விழும். குறி தவறிய குண்டு எங்கே போகும் என்ற கவலையை இதைவிட நன்றாகத் தூண்டும் எண்ணை நான் பார்த்ததில்லை. வெற்றிடத்தில் குண்டு வெடித்தால் அதிர்வலையோ ஓசையோ இராது. ஆனால் சில்லுகள் வேகம் குறையாமல் வரும். அருகில் நின்றவன் விழுந்த பிறகுதான் வெடித்தது தெரியும். ஓசைதான் இல்லையே என்று அறிவியலுக்காக வருந்தும் எழுத்தாளர், அந்த மௌனம் சிப்பாய்க்கு எவ்வளவு பெரிய அச்சம் என்பதைக் கவனிப்பதில்லை.

1974இல் சோவியத் ஒன்றியம் ஏவிய சல்யூட்-3 விண்வெளி நிலையத்தில் ஒரு பீரங்கி உண்மையிலேயே பொருத்தப்பட்டிருந்தது. குறிபார்க்க வேண்டுமானால் நிலையம் முழுவதையும் திருப்ப வேண்டும். 1975 ஜனவரியில் அதைச் சுட்டுப் பார்த்தபோது உள்ளே ஆளில்லாத நேரமாகப் பார்த்துத்தான் சுட்டார்கள். எடையற்ற நிலையில் நாயகன் இடுப்பில் கைவைத்து மிதந்தபடி இயந்திரத் துப்பாக்கியை முழக்கும் காட்சியை எழுதுமுன் இதை நினைத்துக்கொள்ளலாம். நிலாத் தூசியும் அப்படியே: அப்பல்லோ வீரர்கள் அது சுட்டபின் வரும் வெடிமருந்து நெடி அடிப்பதாகச் சொன்னார்கள், 1972இல் சென்ற ஹாரிசன் ஷ்மிட்டுக்கு அது மூக்கடைப்பையே தந்தது. மூக்கடைத்த சிப்பாயால் தலைக்கவசத்தைக் கழற்றாமல் என்ன செய்ய முடியும்? எழுதிப் பார்க்கத்தக்க காட்சி அது.

பேச்சும் பதவியும் தமிழில் எழுதுவோருக்குத் தனிச் சிக்கல். ஒரே நாவலில் பத்துப் பேரை நடத்துபவரும் தளபதி, எண்ணூறு பேரை நடத்துபவரும் தளபதி, கடற்படையைப் போன்ற விண்கலத் தொகுதிக்குத் தலைவரும் தளபதி என்று வந்தால், வாசகருக்கு யார் யாருக்கு அஞ்ச வேண்டும் என்பதே விளங்காது. சிப்பாயின் உலகத்தில் கர்னல் எப்போதாவது தூரத்தில் தெரியும் ஒரு தொப்பி. அவனுக்கு நாள்தோறும் தெய்வமும் எமனும் ஹவில்தார்தான். நடுவில் நிற்கும் அந்தப் படியைக் கதையிலிருந்து நீக்கிவிட்டு, கர்னலே நேரில் வந்து சிப்பாயின் தோளில் கைபோட்டுத் திட்டத்தை விளக்குவதாக எழுதுவது, நான் மிக அடிக்கடி கண்ட பிழை. நம் ஊர்களில் படையிலிருந்து ஓய்வுபெற்றவர்களுக்குப் பஞ்சமில்லை. வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். சமையற்கூடத்தை லங்கர் என்றும், பயிற்சி தருபவரை உஸ்தாத் என்றும், சுபேதாரைச் சாப் என்றும் அவர்கள் சொல்வதைக் கேட்டால், எதிர்காலப் படைக்கு நாமாகப் புனையும் சொற்களும் அப்படித்தான் பல மொழிகளின் தேய்மானத்தில் பிறந்திருக்க வேண்டும் என்பது புரியும். தூய தமிழில் சங்கப் போர்க்களச் சொற்களாலேயே ஒரு விண்படையை அமைப்பதும் செய்யத்தக்கதே. ஆனால் அது சிப்பாய் வாயில் தேய்ந்து குறுகிய வடிவத்தில் வர வேண்டும்.

வானொலிப் பேச்சில் இரண்டு பிழைகள் விடாமல் வருகின்றன. 'ஓவர்' என்றால் பேசி முடித்தேன், உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்று பொருள். 'அவுட்' என்றால் பேச்சு முடிந்தது, பதில் வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் சொல்வது திரைப்பட வழக்கம். கேட்கவில்லை, மறுபடி சொல் என்பதற்கு 'ரிபீட்' என்று சொல்லவும் மாட்டார்கள், ஏனென்றால் பீரங்கிப் படையினருக்கு அது முன்பு சுட்ட அதே இடத்தில் மறுபடி சுடு என்னும் கட்டளை. 'சே அகெய்ன்' என்பதே வழக்கு. செவ்வாயிலிருந்து பூமிக்குப் பேசினால் செய்தி ஒருவழி போய்ச்சேரவே தொலைவுக்கேற்ப 3 முதல் 22 நிமிடம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், முன்னணியில் இருப்பவனுக்கு மேலிடத்திலிருந்து வரும் கட்டளை எப்போதும் பழையதாகவே இருக்கும். அவன் அறிந்ததைவிட ஒரு சொல்கூட அதிகமாக வாசகருக்குச் சொல்லக்கூடாது என்று எழுத்தாளர் தமக்கே ஒரு விதி வகுத்துக்கொள்ளலாம். கடினமான விதிதான், ஆனாலும் கதையை வரைபட மேசைக்கு ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

உளவியல் சான்றுகளை எடுத்தாளும்போதும் எச்சரிக்கை வேண்டும். போரில் நான்கில் ஒருவருக்கும் குறைவானவர்களே எதிரியை நோக்கிச் சுடுகிறார்கள் என்று அமெரிக்கப் படை வரலாற்றாசிரியர் எஸ். எல். ஏ. மார்ஷல் 1947இல் எழுதியது பலராலும் உண்மைபோல் எடுத்தாளப்படுகிறது. அந்த எண்ணுக்கு அவரிடம் முறையான கணக்கெடுப்பு இருந்ததா என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் வலுவாகவே ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். பாத்திரம் சுடத் தயங்கலாம்; அதற்கு ஒரு சதவீதத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

ஊர் திரும்புதலை ஒரே அத்தியாயத்தில் முடித்துவிடுவது பெரிய இழப்பு. ஒளியின் வேகத்தில் 99 சதவீதத்தில் பயணம் செய்பவனுக்கு ஓராண்டு கழியும்போது பூமியில் ஏறத்தாழ ஏழாண்டு கழிந்துவிடும். வியட்நாமில் பொறியியல் பிரிவுச் சிப்பாயாக இருந்து காயம்பட்டுத் திரும்பிய ஜோ ஹால்டிமன், 1974இல் வெளிவந்த 'தி ஃபாரெவர் வார்' நாவலில் இந்தக் கால இடைவெளியைக் கதையின் முதுகெலும்பாகவே வைத்தார். திரும்பி வந்தவனுக்கு ஊர் அந்நியமாகத் தெரிவதைச் சொல்ல அவருக்கு இயற்பியலே கைகொடுத்தது. நாமும் அதே வழியில் போக வேண்டியதில்லை. அவனுடைய சம்பளம் எந்தக் கடிகாரத்தின்படி எண்ணப்படும், ஓய்வூதிய அலுவலகத்தில் அவனுடைய பிறந்த ஆண்டைக் கண்டு எழுத்தர் கோப்பைத் திருப்பி அனுப்புவாரா, தங்கையைவிட அவன் இளையவனாகிவிட்டால் திருமண வீட்டில் எந்த வரிசையில் உட்கார்வான் என்று கேட்டுப் பார்த்தாலே போதும்.

சாவைப் பற்றியும் ஒன்று. தோழன் நாயகனின் மடியில் தலைவைத்து நீண்ட வசனம் பேசி இறக்கும் காட்சியை எழுத எல்லாருக்கும் கை வருகிறது. பிரிட்டிஷ் மரபில் வந்த படைகளில் இறந்தவனுடைய உடைமைகளைச் சரிபார்த்துப் பட்டியலிடச் சிலரை அமர்த்துவார்கள். வீட்டாரை வருத்தக்கூடிய கடிதமோ படமோ இருந்தால் அதை எடுத்துவிட்டு மற்றவற்றை அனுப்புவார்கள். அந்தப் பெட்டியைத் திறந்து, பாதி தீர்ந்த சவரச் சோப்பையும், ஜோடியில்லாத காலுறையையும், தான் இரவல் கொடுத்துத் திரும்பி வராத பேனாக்கத்தியையும் நாயகன் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல, எதிரே உட்கார்ந்தவன் எழுதிக்கொள்கிறான். கத்தி யாருடையது என்று எழுதுபவன் கேட்கிறான். அவனுடையதுதான், எழுதிக்கொள் என்கிறான் நாயகன்.