துருவைத் தாங்கும் கோதுமை: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துரு என்பது கோதுமையைத் தாக்கும் பூஞ்சை நோய். அதை எதிர்க்கும் செடிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு ஒவ்வொரு பருவமும் புதிதாகச் சிலர் வருகிறார்கள். இலைத் துருவையும் மஞ்சள் துருவையும் குழப்பிக்கொள்வது, அட்டையை மாற்றிக் கட்டுவது எல்லாம் போகப் போகத் தானே சரியாகிவிடும். சரியாகாதவை சில உண்டு.

சுத்தமான செடியை மட்டும் வைத்துக்கொள்வது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு புள்ளிகூட இல்லாத செடிக்கு அட்டை கட்டுவார்கள். இருபது சதவீதம் துரு ஏறியதைப் பிடுங்கி எறிவார்கள். அந்தச் சுத்தம் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய மரபணுவின் தயவு. அது அடையாளம் காணும் புரதத்தைப் பூஞ்சை மாற்றிக்கொண்டால் கதை முடிந்தது. ரை பயிரிலிருந்து வந்த எஸ்ஆர்31 என்ற மரபணு அப்படித்தான். பல நாட்டு ரகங்களில் பல ஆண்டுகள் தண்டுத் துருவைத் தடுத்தது. 1998-ல் உகாண்டாவில் அதைத் தாண்டிய துரு இனம் தென்பட்டது; அதுதான் யுஜி99. எஸ்ஆர்24 என்ற இன்னொரு மரபணு கைகொடுக்கும் என்று இருந்தார்கள். 2006-ல் கென்யாவில் அதையும் தாண்டிய வடிவம் வந்தது.

ஒருவர் இரண்டாம் தலைமுறையிலேயே துரு பட்ட செடிகளையெல்லாம் கழித்துவிட்டார். "தாய்ச்செடியை எதற்காகத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டேன். "மெதுவாகத் துரு ஏறும் குணத்துக்காக" என்றார். அந்தக் குணம் குப்பைக் குவியலில் கிடந்தது!

எல்ஆர்34 போன்ற மரபணுக்கள் துருவை அடியோடு தடுப்பதில்லை. கொப்புளம் வர நாளாகும், சிறிதாக இருக்கும், வித்துகளும் குறையும். தனியாக இருந்தால் நோய் கடுமையான ஆண்டில் போதாது. இப்படிப்பட்டவை நான்கைந்து சேர்ந்தால் பயிர் கிட்டத்தட்ட சுத்தமாகவே நிற்கும். எல்ஆர்34 புழக்கத்துக்கு வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் உடையவில்லை. அது இருக்கும் செடியில் கொடி இலையின், அதாவது கதிருக்குக் கீழே உள்ள கடைசி இலையின், நுனி காயும். அதையும் நோய் என்று நினைத்துக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, பெரிய மரபணு கூடவே இருந்தால் இவை கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பெரியதை உடைக்கும் துரு இனத்தைத் தெளித்துப் பாருங்கள், இல்லையென்றால் மரபணு இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் டிஎன்ஏ குறிப்பான்களை வைத்துத் தேடுங்கள்.

நாற்றுச் சோதனையோடு நிறுத்துவது

எல்ஆர்34, அதே வகையைச் சேர்ந்த எஸ்ஆர்2 எல்லாம் வளர்ந்த செடியில்தான் நன்றாகத் தெரியும். நாற்றில் தோற்றதையும் வயலில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கழியுங்கள்.

ஒரே நாளில் மதிப்பிடுவது

மெதுவான எதிர்ப்பு ஒரு நாளில் தெரியாது.

துரு வராத ஆண்டின் மதிப்பெண்

அது மதிப்பெண்ணே இல்லை. சுற்றிலும் நட்ட நோய் தாங்காத ரகம் துருவேறிப் போயிருந்தால்தான் கணக்கு.

ஒரே இனத்தை வைத்துச் சோதிப்பது

எத்தியோப்பியாவின் டிகாலு ரகம் யுஜி99-ஐத் தாங்கியது. 2013-14 பருவத்தில் அந்தக் குடும்பத்தைச் சேராத வேறொரு தண்டுத் துரு இனம் வந்து அதை வாரிக்கொண்டு போனது.